நான்காவது 'கடைசியாக'

1

உபதேசியார் கிளாட்வின் 'கடைசியாக' என்று சொன்னால், மம்சாபுரம் சபையில் ஒருவரும் செருப்பைத் தேடமாட்டார்கள். முதல் 'கடைசியாக' என்பது பிரசங்கம் சூடுபிடித்துவிட்டதற்கு அடையாளம். இரண்டாவதற்குத் தாய்மார்கள் மடியிலிருக்கும் பிள்ளையைத் தோளுக்கு மாற்றுவார்கள். மூன்றாவதற்கு, குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்கள் மட்டும் தலையைக் குனிந்தபடி வெளியேறுவார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுவே நடைமுறை.

நான்காவது 'கடைசியாக'வுக்குப் பின் என்ன வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் பென்சன் சார் மணியை அடித்துவிடுவார்.

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளாட்வினின் சவப்பெட்டியருகே மம்சாபுரத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவர்களில் எலினா என்ற நாலாம் வகுப்புச் சிறுமி, பூவைப் போட்டுவிட்டு நகராமல் நின்று, பென்சன் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று அவர் குனிந்தார்.

"சார், அந்த அணில நாய் உள்ள விட்டுச்சா, விடலையா?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

இதற்கு முன் மூன்று தொடக்கங்களை எழுதி அடித்தேன். அடித்தவற்றையும் பார்வைக்கு வைக்கிறேன்.

"மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எழிலுற அமைந்த" – இது ஏழாம் வகுப்புப் பாடநூல்.

"தம் ஓட்டத்தை முடித்து, கர்த்தருக்குள் இளைப்பாறும்" – இது சபையின் மாத இதழில் வந்த இரங்கல் குறிப்பு. அதில் பதினொரு வரிகள் இருந்தன; கிளாட்வின் மட்டும் இல்லை.

"கிளாட்வின் பாடத் தொடங்கினால் தெரு நாய்களும்" – வேண்டாம். ஆர்மோனியம் வாசித்தவர் இன்னும் உயிருடன் இருக்கிறார். அவருக்கு அந்தத் துயரத்தை நினைவூட்டக் கூடாது.

இனிப் பாத்திரங்கள். பென்சன், ராஜபாளையத்துத் தமிழாசிரியர். ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. (பெயரைப் பற்றி ஒரு குறிப்பு: "பென்சன் வாங்குற பென்சன் சார்" என்ற சிலேடையைக் கிளாட்வின் வாரம் ஒருமுறையாவது சொல்வார். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல் சிரிப்பார்.) சனிக்கிழமைதோறும் பென்சன் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார், அங்கிருந்து இருவரும் கிளாட்வினின் மொபெட்டில் மம்சாபுரத்துப் பிள்ளைகள் கூட்டத்துக்குப் போவார்கள். வேலைப் பங்கீடு தெளிவானது. விலங்குகள் பேசும் நீதிக்கதை ஒன்றைப் பென்சன் குறிப்பேட்டில் எழுதி, அடியில் நீதியைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பார். கிளாட்வின் அதைச் சொல்வார்.

சொல்வார் என்றா எழுதினேன்? அவிழ்த்துவிடுவார் என்று எழுதியிருக்க வேண்டும்.

3

சென்ற ஆண்டு மே மாதம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் நடக்கும் வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள். பென்சன் எழுதிக் கொடுத்த கதை இது: நோவாவின் பேழைக்கு ஒரு ராஜபாளையம் நாய் காவல். மழை தொடங்கிவிட்டது. எல்லா விலங்குகளும் ஏறிய பிறகு, செண்பகத்தோப்புச் சாம்பல் அணில் ஒன்று தாமதமாக ஓடிவருகிறது. நாய் மறுத்துவிடுகிறது. நீதி, சிவப்பு மையில்: காலந்தவறாமை.

போகும் வழியிலேயே தகராறு. மொபெட்டின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசினார்கள்.

"கதவை அடைச்சவர் கர்த்தர்னு வேதத்துல இருக்கு, உபதேசியாரே. நாய் வாசல்ல நிக்கட்டும். கதவுல கை வைக்கக் கூடாது."

"நாய்க்கு ஏது சார் கை? கதவ அடைக்க அவர் இருக்காரு. பக்கத்துல படுத்துக் கொரைக்க ஒரு ஆள் வேண்டாமா?"

"எழுதினத எழுதினபடி சொல்லும்."

"அப்படியே சொல்றேன். கொஞ்சம் உப்புப் போட்டுக்குவேன்."

போட்டார். நோவாவின் மனைவி பேழைக்குள் பால்கோவா கட்டி வைத்தாள். யானை ஏறும்போது பேழை சாய்ந்தது; பிள்ளைகள் மொத்தமாக இடப்பக்கம் சாய்ந்தார்கள். மைக்செட் போட்டிருந்த ஹுமாயூன்கூட வயரை விட்டுவிட்டுச் சாய்ந்தார். நாய் கேட்டது: "ஏலே அணிலு, இம்புட்டு நேரம் எங்கலே போன?"

குறிப்பேட்டில் அணிலுக்கு வசனமே கிடையாது. கிளாட்வின் அதைப் பேசவைத்துவிட்டார்.

"மழ வருது மழ வருதுன்னு மரம் மரமா ஏறிச் சொல்லிட்டு வாரேன் அண்ணாச்சி. அதான் நேரமாயிருச்சு."

நாய் அதன் நனைந்த வாலைப் பார்த்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. கிளாட்வின் மூச்சை இழுத்துக்கொண்டு, நான்காம் முறையாக, "கடைசியாக" என்றார்.

மணி அடித்தது. பென்சன் மைக்கைத் தம் பக்கம் திருப்பி, "உபதேசியார் சொன்ன நாலு கடைசியையும் சேத்தா ஒரு ஆரம்பம் ஆயிரும். ஜெபத்தோட முடிப்போம்" என்றார். சபை சிரித்தது. கிளாட்வினும் சிரித்தார். "மிச்சத்த அடுத்த வாட்டி சொல்லுதேன் பிள்ளைகளா" என்று கையசைத்தார்.

மூன்று வாரம் கழித்து, உழவர் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு.

4

இந்தப் பென்சன் என்ற பாத்திரத்தை நான் நம்பவில்லை. 'நேரமாகிவிட்டது, மணியடித்தார்' என்று முந்தைய படியில் எழுதியிருந்தேன். அன்று என்ன நேரம் ஆகிவிட்டது? மணி பதினொன்றே முக்கால். பிள்ளைகளுக்கான எலுமிச்சைச் சோறு அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எவருக்கும் அவசரம் இல்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று கரும்பலகையில் எழுதியவன் நான். படர்க்கையின் வசதி எனக்குத் தெரியும். 'அவர்' என்று எழுதினால் பழி எங்கோ அவர் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே இலக்கணத்தை இங்கேயே திருத்துகிறேன்.

பென்சன் என்பது என் பெயர்தான். அந்த அணில் பேசியதும், என் சிவப்பு மை கரையத் தொடங்கியது. அதை உள்ளே விட்டுவிட்டால் என் நீதி போய்விடும். விடாவிட்டால் – பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன் – என் நீதியை ஒருவரும் மன்னிக்கமாட்டார்கள். இரண்டில் எதை அவர் சொல்வார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நான் மணியடித்தேன்.

5

முடிவுக்காக நான் செய்த முயற்சிகள் எவையும் பெருமைக்குரியவை அல்ல.

கிளாட்வின் கனவில் வந்து, "சார், அந்த அணில்" – இல்லை. கனவில் வந்தாலும் அவர் சீக்கிரம் முடிக்கப்போவதில்லை.

அடுத்து, அன்றைய நிகழ்ச்சியை ஹுமாயூன் பதிவு செய்திருந்தார், மணியோசைக்கு அடியில் கிளாட்வினின் தணிந்த குரல் கேட்டது என்று ஒரு முடிவு எழுதினேன். கண் கலங்கும்படி வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹுமாயூனின் கடைக்கே போய்ப் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு சார். ஆனா எம் பேர்ல பொய்ச்சாட்சி எழுதாதீங்க. அன்னிக்கு மெமரி கார்டே போடல."

"கதைதானே, பாய்."

"கதையில வார மைக்செட்டுக்கு வேற பேரு வைங்க. நானே அந்த நாய் என்ன பண்ணுச்சுன்னு தெரியாம ஒரு வருசமாத் திரியுதேன்."

(அந்த முடிவைக் கிழித்துவிட்டேன். நல்ல நடையில் இருந்தது.)

6

பிறகுதான், போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். கிளாட்வினின் மனைவி ஏசம்மாள், வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

மணியடித்த காரணத்தைச் சொன்னேன். நீட்டி முழக்காமல் சொன்னேன். அவர் கீரையை விட்டுக் கையெடுக்கவில்லை.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அவியளே சொன்னாவ சார். 'ஏசா, சார் இன்னைக்கு அவர் கதையக் காப்பாத்திக்கிட மணியடிச்சிட்டாரு'ன்னு ஒரே சிரிப்பு."

கிளாட்வினுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வழக்கமான சிலேடையையும் சொல்லியிருக்கிறார்.

"அப்ப... முடிவ உங்ககிட்ட சொன்னாரா?"

ஏசம்மாள் முதன்முறையாகக் கையை நிறுத்தினார்.

"கேட்டேன் சார். மொதல்லருந்து ஆரம்பிச்சாவ. யானை ஏறுச்சு, பால்கோவா கட்டுனாவ. மத்தியானம் சாப்பிட்ட களைப்பு. அணில் வார வரைக்கும் முழிச்சிருந்தேன்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று நான் எழுதப்போவதில்லை, இரண்டும்தான். "நீங்களாச்சும் மணியடிச்சீய. நான் தூங்கிட்டேன்."

7

இந்த மே மாதம், அதே மம்சாபுரம், அதே நிறைவு நாள். ஹுமாயூன் மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார். சென்ற ஆண்டு சிரித்த சபை முழுவதும் எதிரே இருந்தது. முன்வரிசையில் ஏசம்மாள்.

"போன வருசம் உபதேசியார் கதைய முடிக்கவிடாம மணியடிச்சது நான்," என்றேன். "நேரமானதுனால அடிக்கல. நான் எழுதின கதைய மாத்துறாரேன்னு அடிச்சேன். எல்லாருக்கும் முன்னால அவரக் கேலியும் பண்ணினேன். அது தப்பு. அவர்கிட்ட சொல்லியிருக்கணும். உங்ககிட்ட சொல்றேன்."

யாரோ இருமினார்கள். எலினாவை அழைத்து மணியை அவள் கையில் கொடுத்தேன். நான் ஓய்வுபெற்ற நாளில் மாணவர்கள் அளித்த பித்தளைக் கைமணி அது. அவள் ஆட்டிப் பார்த்தாள்.

"சத்தமே வரல சார்."

"நாக்கக் கழத்திட்டேன்."

பிறகு கதையைச் சொன்னேன். என் குறிப்பேட்டில் இருந்தபடி அல்ல, அவர் சொன்னபடி. பால்கோவா கட்டினேன். யானையை ஏற்றினேன், என்னால் இயன்ற அளவு சாய்ந்தேன். அணில் வந்தது, பேசியது. நாய் அதன் நனைந்த வாலைப் பார்த்தது. அங்கே நிறுத்தினேன். அதற்கு மேல் என்னிடம் இல்லை.

"நான் இன்னிக்கு முழிச்சிருக்கேன் சார்" என்றார் ஏசம்மாள்.

நான் மைக்கை எலினாவிடம் கொடுத்தேன். ஓராண்டு காத்திருந்தவள் அவள். நாக்கில்லாத மணியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, "கடைசியாக" என்றாள்.

ஒருவரும் செருப்பைத் தேடவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். சிவப்பு மைப் பேனா என் கைக்கு இன்னும் எட்டும் தொலைவில்தான் கிடக்கிறது. அணில் வாசலில் நிற்கிறது, நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். மணியின் நாக்கு என் சட்டைப்பையில் இருக்கிறது.