முள்ளில்லாத கொடுவா

அடிப்பிடித்த பாத்திரம் இல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள் பார்ப்போம். இந்த வீட்டிலும் ஒன்று இருந்தது. பால் காய்ச்சுகிற பாத்திரம். கம்பி நார் போட்டுத் தேய்த்தும் அசையாமல் உட்கார்ந்திருந்த கருப்பு, ஒரு துண்டு மீன்தோலைப் போட்டுத் தேய்த்ததும் மளமளவென்று கழன்று போனது. தோல் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மண் நிறம். தொட்டால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. நடுவே குட்டிக் குட்டியாக ஒரு முள்வரிசை. இவ்வளவு நல்ல சாமானை யார் குப்பையில் போடுவார்கள்? அலசி, குழாயடியில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள் அந்த வீட்டுக்காரி.

தோல் அவள் வேலை செய்கிற மீன் கூடத்தில் கிடைத்தது. மீன் கூடத்துக்காரிக்கு மீனைத் தெரியாது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நிஜம். அங்கே இரண்டு அறைகள். முன் அறையில் தலை, தோல், குடல் எல்லாம் போய்விடும். வெறும் வெள்ளைச் சதை மட்டும் ஐஸ் நிரப்பிய தட்டுகளில் ஏறி, நடுவே தொங்கும் தடித்த ரப்பர் திரையை இடித்துக்கொண்டு பின் அறைக்கு வரும். பின் அறைப் பெண்கள் அதை ஓரம் சீவி, ஒரே அளவாக நறுக்கி, பொட்டலம் போட்டு, மேலே 'கொடுவா' என்று லேபிள் ஒட்டுவார்கள். முன் அறை ஆள் பின் அறைக்கு வரக் கூடாது, பின் அறை ஆள் முன் அறைக்குப் போகக் கூடாது. சுத்தம் கெட்டுவிடுமாம். ஆகவே நம்மவள் எந்த மீனின் முகத்தையும் பார்க்காமலே, நாள் முழுக்க மீன்களுக்குப் பேர் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை அங்கே சேர்த்துவிட்டது கூடப்பிறந்த அக்காதான். அக்கா அங்கே சூப்பர்வைசர். சீவி எடுத்த ஓரத் துண்டுகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்த நாளுக்காக வீட்டில் ஒரு வாண்டு காத்திருக்கும். அவள் மகள்.

"அம்மா, முள்ளில்லாத மீனு!"

முள் எடுத்துத் தர யாரும் தேவையில்லை, தானே அள்ளிச் சாப்பிடலாம் என்பதில் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு பெருமை.

புருஷன் செய்கிற வேலையும் மீன் வேலைதான், ஆனால் தலைகீழ். அவள் செத்த மீனை எண்ணினாள், அவன் உயிருள்ள மீனை எண்ணினான். கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகில் காற்றுக் குடுவையோடு கடலுக்குள் இறங்கி, என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் அரசாங்க வேலை. ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்கு எதிரே ஒரு மணல்திட்டு. அங்கே யாரும் வலை போடக் கூடாது. காரணம், உழுவை என்றொரு மீன். முன்பாதி திருக்கை மாதிரி தட்டையாக இருக்கும், பின்பாதி சுறா மாதிரி நீண்டிருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். முட்டை போடாது, குட்டி போடும். அந்தக் குட்டியைப் போட அந்த மணலுக்குத்தான் வரும். வரும் என்பது பேச்சு. சில வருஷங்களாக அவன் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஈரத் தலையோடு வந்தவன் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், மூடினான்.

"உட்காருங்களேன். நடந்து நடந்து தரை தேயுது."

"திங்கக்கிழமை மத்தியானம் அந்த மணல்திட்டுத் தடையைப் பத்திக் கூட்டம். நான்தான் பேசணுமாம்."

"பேசுங்க. அதுக்கென்ன?"

"என்னத்தப் பேசறது? பார்க்கல. ஒண்ணுகூடப் பார்க்கல. அதான் பேச்சு. அதுக்கு அவங்க, மீனே இல்லாத எடத்துக்கு எதுக்குக் காவல்னு தடையை எடுத்துடுவாங்க. மறுநாளே பெரிய வலையெல்லாம் எறங்கிடும். ஒண்ணு ரெண்டு எங்கேயாவது ஒளிஞ்சிருந்தாலும் அதோட சரி."

"சரி, கை கழுவிட்டு வாங்க. புள்ள உங்க பங்கையும் முடிச்சிடப் போறா."

கை கழுவப் போனவன் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இது என்னது?"

"பாத்திரம் தேய்க்கிறது."

"எங்கேர்ந்து?"

"வேலையிலேர்ந்து. தட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டு வந்துது. சூப்பரா தேய்க்குதுங்க. வேணும்னா உங்க குதிகாலையும் ஒரு தேய்..."

அவன் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் அந்த முள்வரிசையை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தடவினான்.

"இது உழுவைத் தோலும்மா."

அவள் குழாயை மூடினாள்.

"நான் தண்ணிக்குள்ள தேடிக்கிட்டிருக்கேன். நீ பாத்திரம் வெளக்கிக்கிட்டிருக்கே."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்ற சதை. ஒரு முள் கிடையாது; உழுவைக்குச் சதைக்குள் முள்ளே இல்லை, குருத்தெலும்புதான். கொடுவாவுக்கு முள் உண்டு என்பது தெரியாதவளா அவள்? தெரியும். நன்றாகச் சீவி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். எந்த நெடியை மறைக்க எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போடுகிறார்கள் என்றும் ஒருநாள் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள். வேலை செய்கிற இடத்தில் இப்படி விட்டுவிட்டது எல்லாருக்கும் ஏதாவது இருக்கும், இல்லையா கண்ணுகளா?

"அப்பா, உங்களுக்கு வேணாமா? எனக்கா?" என்றது வாண்டு, வாய் நிறைய மீனோடு.

அவன் தட்டை அதன் பக்கம் தள்ளினான். குப்பையில் போடவும் மனம் வரவில்லை, வாயில் போடவும் முடியவில்லை. உலகத்தில் கொஞ்சமே மிச்சமிருக்கும் மீனை அந்தக் குழந்தை ருசித்துச் சாப்பிட்டு விரலையும் நக்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"நீ கூட்டத்துக்கு வரணும்" என்றான். "நான் தோலைக் காட்டினா, வேலையைக் காப்பாத்திக்க எங்கேயோ புடிச்சிட்டு வந்துட்டான்னுவாங்க. எங்கே கிடைச்சுதுன்னு நீ சொல்லணும்."

"சொன்னா அக்கா என்ன ஆவா?"

அவன் மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கட்டில் நிறையத் துணியைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இவளும் ஒரு சட்டையை எடுத்தாள், மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"அந்தச் சட்டை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? வந்த விஷயத்தைச் சொல்லுடி."

தோல், உழுவை, கூட்டம், எல்லாம் சொன்னாள். அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"லேபிள் ரோல் வர்றப்பவே அதுல கொடுவான்னுதான் அச்சடிச்சிருக்கு. வேற பேரு வந்தா வேற பேரு ஒட்டுவேன்."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"எங்களுக்கும் அதைத்தானே குடுத்தே?"

"என் புள்ளைங்களுக்கும் அதைத்தான் குடுத்தேன். வெஷத்தையா குடுத்தேன்?" அக்காவின் குரல் ஏறியது. "உன் வீட்டுக்காரர் தண்ணிக்குள்ள கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தேடிக் கிடைக்காதது, தானா என் மேசைக்கு வந்தா அது என் குத்தமா?"

"எங்கேர்ந்து வருது?"

"அந்த மணல்திட்டுலேர்ந்துதான். வெளிச்சம் வர்றதுக்குள்ள வலையை எடுத்துட்டு வந்துடறாங்க. உன் வீட்டுக்காரர் படகு கெளம்பறதுக்குள்ள இங்க வெட்டி முடிஞ்சிடும்."

இவள் கையிலிருந்த சட்டை நழுவியது.

"அப்ப இருக்குக்கா. இன்னும் இருக்கு."

"இருக்கட்டும். போய்ச் சொல்லு. என் பேரையும் சேர்த்துச் சொல்லு. அப்புறம் நாம ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து ஈ ஓட்டலாம்."

இவள் எழுந்து வந்துவிட்டாள். வாசல்வரை அக்கா வரவில்லை. எப்போதும் வருகிறவள்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வேலைக்குப் போய் நின்றாள். கூட்டம் மத்தியானம். போவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. தட்டு வந்தது. சீவினாள், நறுக்கினாள். லேபிளை உரித்தாள், கோணலாக ஒட்டினாள், பிய்த்தாள். கட்டைவிரலில் 'கொடுவா' ஒட்டிக்கொண்டது. உதறினாள். போகவில்லை. பக்கத்தில் நின்றவள், "என்னடி, உனக்கே லேபிளா?" என்று சிரித்தாள். இவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய் ரப்பர் திரையை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

முன் அறைக்காரர் தோலுரிக்கும் கத்தியோடு திரும்பினார்.

"ஏம்மா, இங்க வரக் கூடாது."

மேசைமேல் முழுசாக ஒன்று கிடந்தது. அவள் தோளுக்கும் காலுக்கும் நடுவே எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நீளம். முதுகில் அதே முள்வரிசை. கூர்மையான தட்டை மூக்கு. இத்தனை நாளும் பேர் மாற்றி அனுப்பியதன் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். வயிறு கிழிந்திருந்தது. பக்கத்துத் தொட்டியில், கழிவோடு கழிவாக, ஒரு சாண் நீளத்தில் குட்டிகள். தாயை அப்படியே சின்னதாக்கினாற்போல. முதுகில் முள்கூட வந்திருந்தது.

"தெனமும் இப்படியா?" என்று கேட்டாள்.

"தெனமும் எங்க? எப்பவாவதுதான், மத்த நாளு திருக்கை. முன்னெல்லாம் இதே நெறைய வரும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பின்னால் திரை அசைந்தது. அக்கா. இனி இருக்கிறது கச்சேரி என்று இவள் நினைத்தாள்.

அக்கா திட்டவில்லை. தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருக்காதே. நானும் மொதல் தடவை இப்படித்தான் நின்னேன். நின்னா முடிஞ்சுதா?" என்றாள். குனிந்து ஒரு குட்டியை எடுத்தாள். ஐஸ் போட்டாள், பொட்டலத்தில் வைத்தாள், பொட்டலத்தின் வாயை ஒட்டினாள். எத்தனை பொட்டலம் ஒட்டிய கை. அன்றைக்குக் கோணலாக ஒட்டியது.

"லேபிள் ஒட்டல. பேரை நீயே சொல்லிக்கோ."

"அக்கா..."

"ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுப் போ. அது கம்பெனி சாமான்."

கூட்டம் நடந்த அறை மீன் கூடத்தைவிடக் குளிராக இருந்தது. புருஷன் பேசி முடித்ததும் அவள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். ஐஸ் கரைந்து மேசையில் தண்ணீர் பரவியது. ஒரு அதிகாரி தன் காகிதங்களை அவசரமாக நகர்த்திக்கொண்டார்.

"இது எங்கேம்மா கெடைச்சுது?"

வழியெல்லாம் யோசித்தும் எங்கே ஆரம்பிப்பதென்று அவளுக்கு முடிவாகவில்லை. கூடத்தில் ஆரம்பித்தால் அக்கா பேர் வரும். மணல்திட்டில் ஆரம்பித்தால் எப்படித் தெரியும் என்பார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை நாங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்தோம்" என்று ஆரம்பித்தாள். "நான், இவரு, என் பொண்ணு. எங்களை மாதிரி எத்தனை வீடோ."

அதற்குப் பிறகு மிச்சமெல்லாம் தானாக வந்தது. அக்கா பேர் உட்பட.

தடையை எடுக்கவில்லை. விடியலுக்கு முன்னேயே காவல் படகு போக வேண்டும் என்று முடிவானது. மீன் கூடத்துக்குச் சோதனை போட ஆள் போயிற்று.

அன்று சாயங்காலம் கடையில் கண்ணெதிரே முழுசாகக் கிடந்த சின்ன மீனாகப் பார்த்து வாங்கி வந்தாள். உடம்பு முழுக்க முள். வாண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, மகள் தட்டில் வைத்தாள். கண் மட்டும் போனைவிட்டு நகரவில்லை. நாமே கூப்பிடலாமா என்று எடுப்பாள், வைப்பாள்.

கடைசியில் அதுவே அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா?"

"பாத்திரத்தை இனிமே எதால தேய்ப்பே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கம்பி நாரு."

"ம்ம். கூடத்தைப் பூட்டிட்டாங்க. நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க." அங்கேயும் யாரோ நடந்துகொண்டே பேசுகிற சத்தம். அக்காவேதான். "எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலடி."

அவள் விரலில் இருந்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"நாம சாப்பிட்டோம்னு ஆரம்பிக்கா. நானும் கூட வரேன்."