புதிதாகச் சேர்ந்தவை

சம்பந்தி வீட்டார் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதுதானா அப்பாவுக்கு அந்த ஆசை வரவேண்டும்? "தம்பி, உங்கக்கா ஆரபியோட பழைய வீடியோ டேப் எல்லாம் டிவில வர்ற மாதிரி பண்ணிடேன். அவங்க வந்தா காட்டலாம்" என்றார். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து அவரே அந்த டேப்புகளைக் கணினிக்கு மாற்றி வாங்கி வந்திருந்தார். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கடைசி நேரத்தில் சொல்லும் ஆள் இல்லை. அன்று ஏனோ அவசரப்பட்டார்.

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழே, ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. நாஸ் என்பார்கள். வீட்டில் நான்கு பேர் போனில் எடுக்கிற படமும் வீடியோவும் தானாகவே அதில் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாம் அடியேன் செய்த ஏற்பாடு. மற்றவர்களுக்கு அது என் பெயரால் 'சுஜி பெட்டி'. ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அதில் மீடியா சர்வர் என்ற மென்பொருளை ஏற்றினால், உள்ளே இருக்கிற வீடியோக்கள் டிவித் திரையில் சின்னச் சின்னப் படங்களாக வரிசைகட்டி நிற்கும். ஏற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும் என்று கேட்டது. அதில் போட்டுவைத்த அப்பாவின் டேப் எங்கே என்று தேடச் சோம்பல்பட்டு, மொத்தப் பெட்டியையும் காட்டி ஓகே கொடுத்தேன். ஆளுக்கொரு லாகின் உண்டாக்கி, போனிலும் பார்க்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் பெருமையடித்தும் விட்டேன்.

அடுக்களையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக வீட்டில் இதே கூத்து. உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய் தேய் என்று தேய்ப்பார்.

"கோவிட் எப்பவோ போயிருச்சு லா, அப்பா" என்று கத்தினேன்.

"பழகிக்கிட்டா நல்லதுதானே" என்றார்.

அக்காவைக் கட்டிக்கொள்ளப்போகும் கபிலனும் அவருடைய அம்மா செல்லக்கண்ணுவும் தெம்பனிஸிலிருந்து வந்து சேர்ந்தார்கள். திருமணப் பதிவுக்குத் தேதி குறிக்க வேண்டும். அது முடிந்த வாரமே கபிலன் வேலை மாற்றலில் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குக் கிளம்புகிறார். அக்காவும் கூடவே போகிறாள். அவள் போயே ஆக வேண்டும் என்பதில்தான் அப்பாவுக்கு அப்படியொரு பிடிவாதம். சில வருடங்களுக்கு முன் அவருக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது, லண்டனில் கிடைத்த வேலையை அக்கா யாரிடமும் கேட்காமல் வேண்டாமென்று எழுதிவிட்டாள். அப்பாவுக்கு அது இன்றுவரை ஆறவில்லை. "என்னால ஒரு தடவ கெட்டது போதும்" என்பார்.

டிவியைப் போட்டேன். 'புதிதாகச் சேர்ந்தவை' என்ற வரிசையில் படங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. பாலர் பள்ளி மேடையில் முயல் காது மாட்டிய அக்கா. கடற்கரையில் அழுகிற நான். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி மெதுவாகத்தான் படிக்கும். புதுப் படம் ஒன்று வரும்போது பழையவை தள்ளிக்கொள்ளும். அம்மாவின் போனிலிருந்து சமையல் வீடியோ ஒன்று வந்து நின்றது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. யார் போனில் என்ன இருக்கிறதோ அத்தனையும் கூடத்துக்கு வரப்போகிறது.

அடுத்து வந்த படத்தில் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பை தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கியது. பக்கத்தில் நீலக் கோடு போட்ட சட்டைக் கை. அந்தச் சட்டையை அப்பா அன்றும் போட்டிருந்தார்.

"அது என்னப்பா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு? கண்ணாடிய வேற விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் செல்லக்கண்ணு ஆண்ட்டி.

"தம்பி, ஆஃப் பண்ணு." அப்பாவின் குரல் அவருடையதாகவே இல்லை.

அம்மா அடுக்களையில் இருந்தார், அக்கா அப்போது ஜூஸ் எடுத்துவர உள்ளே போயிருந்தாள். "ஏதோ அப்டேட் ஆகுது" என்று உளறிவிட்டு டிவியை அணைத்தேன். அறைக்குள் ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். அந்த வீடியோவை மட்டும் நீக்கிவிட்டு வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாருக்கு மனம் கேட்கும்? இயர்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

"முதல்ல கை கழுவணும் அங்கிள்" என்றது ஒரு நர்ஸின் குரல். "விரல் நடுவுல, நகம், மணிக்கட்டு வரைக்கும். கட்டைவிரல நிறைய பேர் மறந்துருவாங்க. சரியா கழுவலன்னா வயித்துல இன்ஃபெக்‌ஷன் வந்துரும். இந்த டயாலிசிஸ் வயித்துல குழாய் வச்சு வீட்டுல நீங்களே பண்றது, அதனால கவனம்." பிறகு அப்பாவின் குரல். "சிஸ்டர், பொண்ணு கல்யாணம் முடிஞ்சு ஊருக்குப் போகணும். அதுக்கப்புறம் ஆரம்பிச்சா போதும்தானே?"

"உங்க கிட்னி அவ்வளவு நாள் தாங்காது அங்கிள். வீட்டுல சொல்லிட்டீங்களா?"

அதோடு அப்பா வீடியோவை நிறுத்தியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நிமிர்ந்தால் அப்பா வாசலில் நிற்கிறார். கதவை மெல்லச் சாத்தினார்.

"அம்மாவுக்காவது தெரியுமா?" என்றேன்.

"யாருக்கும் தெரியாது. அழிச்சிடு தம்பி. அவ ப்ளேன் ஏறட்டும், நானே சொல்லிடறேன்."

"அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அவ நம்மள மன்னிப்பாளா?"

"போகாம இங்கயே உக்காந்துட்டான்னா, நான் என்னை மன்னிப்பேனா?"

நீக்கு என்ற பொத்தானின் மேல் விரல் இருந்தது. அழுத்தினால் நானும் கூட்டு. அழுத்தாவிட்டால் அக்காவின் பயணத்தைக் கெடுத்தவன் நான். அப்பா என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "டேய் சுஜி, டிவி எதுக்கு? எனக்கு போன்லயே வருது லா! ஆண்ட்டி, இங்க பாருங்க, முயல் காது!"

சற்று முன் நான் அனுப்பிய லாகின். ஆண்ட்டியின் சிரிப்பு கேட்டது, கபிலன் ஏதோ கிண்டல் செய்தார். பிறகு அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், சிரிப்பு நின்றது. கதவைத் தாண்டி அந்தக் குரல் தெளிவாக வந்தது.

"முதல்ல கை கழுவணும் அங்கிள்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வீடியோ கடைசிவரை ஓடியது, அக்கா நிறுத்தவில்லை. நாங்கள் இருவரும் அறைக்குள்ளேயே நின்றோம், திருட்டுப் பயல்கள் போல. கடைசியில் அப்பாதான் கதவைத் திறந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து நேராக அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தேதிய..." என்று ஆண்ட்டி ஆரம்பித்தார். கபிலன் அவர் கையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா எழுந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். போனைக் குழாய்க்கு மேலே தட்டு அடுக்கில் சாய்த்து வைத்து, வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள். நர்ஸ் சொல்லச் சொல்ல அப்பாவின் கைகளையே பார்த்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"கட்டைவிரல விட்டுட்டீங்க அப்பா" என்றாள்.

அப்பா மறுபடியும் சோப்பை எடுத்தார்.