ஜமுனா கேட்ட கேள்வி

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் காலை பஸ்ஸில், பின்சீட்டில்தான் நிவேதா பேச்சுப் பயிற்சி நடத்தினாள். அவள் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி, பொன்னேரிக் கல்லூரியில் எம்.ஏ. இரண்டாம் வருஷம். அவள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் சேரப் போனபோது, உச்சரிப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அவங்க சேத்துக்கலன்னா இன்னா? நாம பேசறதுக்கு அவங்க பர்மிசன் எதுக்கு?" என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு ஸ்டாப்பிலிருந்து அடுத்த ஸ்டாப் வரை ஒருத்தர் பேச வேண்டும். இன்னொருத்தர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் சொந்த அபிப்பிராயத்தை நுழைத்தால் நிவேதா விடமாட்டாள். "உனக்குத் தோணுனது அப்புறம். அவ சொன்னது இன்னா, அதச் சொல்லு."

அந்த நாலு பேரில் ஒருத்தி ஜமுனா. இரண்டாம் வருஷம் பி.ஏ. அப்பா அம்மா இருவரும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவர்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்டுச் சொல்வதில் ஜமுனா ஒரு வரிகூட விடமாட்டாள். ஆனால் அவள் பேசினால் பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காது.

"தொண்டையில கத்தாத, வயித்துலேர்ந்து பேசு" என்றாள் நிவேதா. "நாலு சீட்டு தள்ளி ஒரு ஆளப் பாத்து, அவங்களுக்குச் சொல்லு."

மூன்றாவது வாரம் ஜமுனா நண்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நாலு சீட்டு முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா திரும்பி, "அது தப்பும்மா, போன மாசமே ஏறிடுச்சு" என்றாள். நிவேதா கைதட்டிச் சிரித்தாள்.

கல்லூரி விழாவில் பேச்சுப்போட்டி வந்தது. 'ஏரியைக் காப்பது யார் பொறுப்பு?' என்பது தலைப்பு. மன்றத்தில் இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம் என்றிருந்ததால் ஜமுனா பெயர் கொடுத்தாள்.

மேடையில் ஏறி, நாலு வரிசை தள்ளி ஒரு ஆளைப் பார்த்துப் பேசினாள். "முகத்துவாரத்துல மணல் மூடிக்கிச்சுன்னா ஏரிக்குள்ள இறால் வராது. மணல் எங்க ஏறுதுன்னு எங்க அம்மா காலுக்குத் தெரியும். ஆனா ஊர்ல கூட்டம் நடந்தா, படகு, போட்டுன்னு வச்சிருக்கறவங்களதான் கூப்பிடறாங்க. எங்களுக்குப் போட்டு இல்ல, அதனால எங்கள இன்னான்னுகூட யாரும் கேக்கறதில்ல. ஏரியைக் காப்பாத்தணும்னா தண்ணியில நிக்கறவங்கள மொதல்ல கேளுங்க."

நடுவராக வந்திருந்த விருந்தினர் அவள் பேசிய நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு சொல்லும்போது மைக்கில், "இந்தப் பொண்ணுக்கு நல்ல தமிழ் வரணும். இன்னா கின்னான்னு மேடையில பேசக்கூடாது" என்றார். அரங்கம் சிரித்தது.

ஜமுனா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாள். மைக் இல்லை.

"சார், என் தமிழ் இருக்கட்டும். நான் இன்னா சொன்னேன்? அத ஒருவாட்டி சொல்லுங்க."

கடைசி வரிசை வரை கேட்டது. அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஏரி... சுற்றுச்சூழல்..." என்று இழுத்தார். ஜமுனா உட்காரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

முதல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்த ஹரிஹரன், மன்றத்தின் செயலாளர், மெல்ல எழுந்தான். "நான் சொல்றேன் சார்" என்று மணலையும், அவள் அம்மாவின் காலையும், படகு இல்லாதவர்களைக் கூப்பிடாத கூட்டத்தையும் வரிசையாகச் சொன்னான். அவள் பக்கம் திரும்பி, "சரியா?" என்றான்.

"சரி" என்றாள்.

பரிசு மாறவில்லை. அடுத்த நாள் துறைத்தலைவர் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். இல்லையென்றால் இனி கல்லூரி மேடையில் இடமில்லை என்றார். ஜமுனா கடைசி வரை கேட்டாள்.

"விருந்தாளிய நான் அவமானப்படுத்திட்டேன், கடுதாசி எழுதலன்னா மேடை கெடையாது, அதான சார் சொன்னீங்க? நான் கேள்விதான் கேட்டேன். எழுத மாட்டேன்."

வெளியே நிவேதா காத்திருந்தாள். "இன்னா ஆச்சு?"

"மேடை இல்லயாம்."

அந்த வெள்ளிக்கிழமை மதியம், பஸ்ஸில் நடந்த அதே பயிற்சிக்கு, கேன்டீனுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பத்தொன்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மன்றத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். ஹரிஹரன் பேச எழுந்தான்.

"நீ அப்புறம்" என்றாள் ஜமுனா. "மொதல்ல இவங்க சொல்றதக் கேளு."