நன்றி சொல்லாதவன் வண்டியைத் தொடக்கூடாது

சுப்பையாவின் மோட்டார் சைக்கிளுக்குக் குணவதி மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள்: சக்களத்தி. வைக்காமல் என்ன செய்வாள்? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதைக் குளிப்பாட்டுவதென்ன, துடைப்பதென்ன, எண்ணெய் போடுவதென்ன! கட்டின பெண்டாட்டி தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று அந்த மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை கழித்துப்போட்ட பழைய வண்டி அது. கப்பல் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த சுப்பையா அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டி, ஓடவும் வைத்துவிட்டான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

முப்பத்தாறாம் வருஷத்தில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவர்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? மாதத்தில் ஒரு ஞாயிறு தீவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். சுப்பையா ஒருத்தன். சர்க்கார் ஆபீஸ் கிளார்க் வாசு இன்னொருத்தன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். சூலியா தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஹபீப் முகம்மது வயதிலும் பெரியவர், உடம்பிலும் பெரியவர். நாலாவது ஆள் யூசுப். கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். நல்ல பிள்ளைதான், ஆனால் ஹாரன் பைத்தியம். கோழி குறுக்கே வந்தாலும் அடிப்பான், கோழி வேலியோரம் மேய்ந்தாலும் அடிப்பான். ‘இவன் பின்னால் வந்தால் காது போச்சு’ என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி ஒரு தடவை அடிப்பான்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு தடவை தெலுக் பாஹாங் தாண்டி மலைப்பாதையில் வாசு சறுக்கி விழுந்து, ஒரு வாழைப்புதர் தாங்கியதால் உயிர் பிழைத்தான். அருவிக்கரைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து, “அந்த வாழைக்கு நன்றி” என்றான். அன்றிலிருந்து, அந்த அருவிக்கு வந்தால் ஆளுக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். கடவுளுக்கு நன்றி சொல்லித் தப்பிக்கக் கூடாது. அல்லாவுக்கும் முருகனுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொள்ளலாம், இங்கே வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஹபீப் முகம்மது தீர்ப்புக் கூறிவிட்டார். நன்றி சொல்லாதவன் வண்டியைத் தொடக்கூடாது என்பது வாசு சேர்த்த சட்டம். ஒருமுறை ஹபீப் முகம்மதுக்கே ஒன்றும் தோன்றாமல் வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்து, கடைசியில் தம் வெற்றிலைப் பெட்டிக்கு நன்றி சொன்ன பிறகுதான் கிளம்பவிட்டார்கள்.

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டுக் கேட்டுக் குணவதிக்கும் ஆசை வந்துவிட்டது. கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் பார்த்த பினாங்கு, வீடு, பாசார், தண்ணீர்மலைக் கோயில், அவ்வளவுதான். ஒருநாள் இரவுச் சோறு போடும்போது, “என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்” என்றாள். சுப்பையா மறுக்கவில்லை. ஹபீப் முகம்மதுவிடம், வண்டியோடு சேர்த்துப் பூட்டி ஒரு ஆளை உட்காரவைக்கிற சைட்கார் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தன் வண்டியின் இடப்பக்கத்தில் பூட்டினான்.

அந்த வருஷம் தைப்பூசம் கழிந்து கொஞ்ச நாளில் பட்டறையில் இரும்புப்பொறி தெறித்து அவனுடைய இடது கண்ணில் பட்டிருந்தது. கட்டு அவிழ்த்த அன்று, “பளிச்சுன்னு தெரியுது, நீ ஒண்ணும் கவலப்படாத” என்றான். கண்ணும் வெளிப்பார்வைக்கு முன்போலவே இருந்தது. குணவதி முருகனுக்குப் பால்குடம் எடுத்து நேர்த்தியைத் தீர்த்தாள். அதன் பிறகு அவன் சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடுவதும், கதவில் தோளை இடித்துக்கொள்வதும் நடக்கும். “எப்பப் பாரு வண்டி நெனப்புதான்” என்று அவள் திட்டுவாள். அவன் சிந்தியதைத் துடைத்துவிட்டுப் போவான்.

புறப்பட்ட அன்று காலையில் அவள் மாம்பழ நிறச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, யூசுப் மட்டும் முகம் வாடி நின்றான். “அக்கா, நீங்க பஸ்ல வாங்களேன். ரோடு மோசம், தூக்கித் தூக்கிப் போடும் லா” என்று அந்த ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டுச் சொன்னான். பெண்பிள்ளை ஒருத்தி கூட வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சைட்கார் இல்லாமல் ஓட்டிப் பழக்கமில்லாத ஹபீப் முகம்மது தம் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வாசுவின் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி பாவம் செய்திருக்க வேண்டும், முனகிக்கொண்டே நகர்ந்தது.

தஞ்சோங் பூங்கா தாண்டியதும் வலப்பக்கம் கடல் விரிந்தது. குணவதிக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பு வந்தது. புருஷனைப் பார்த்தாள். காற்றில் தலைமுடி பறக்க ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துக் கையாட்டினாள். அவன் திரும்பவில்லை. முந்தானையைப் பிடித்துக் கொடிபோல ஆட்டினாள். அப்போதும் திரும்பவில்லை. பத்து பிரிங்கி வரைக்கும் நாலைந்து தடவை முயன்று பார்த்தாள். கூட்டாளிகள் முன்னால் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்க வெட்கப்படுகிறான், இல்லாவிட்டால் அழைத்து வந்ததே பாரமாகிவிட்டது என்று எண்ணினாள். அப்புறம் கடலைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

தெலுக் பாஹாங்கில் பாதை மலையேறத் தொடங்கியது. குறுகல் பாதை. வழக்கமாகச் சுப்பையாவுக்கு இடப்பக்கமாகவே வருகிற யூசுப்புக்கு இன்று அங்கே இடமில்லை. அந்த இடத்தில் சைட்கார் இருந்தது. பின்னால்தான் வர முடிந்தது. ஒரு வளைவில், இடதுபக்கத் தோப்பிலிருந்து மலாய்க்காரர் ஒருவர், தோள்கம்பின் இரண்டு பக்கமும் முள் நிறைந்த டுரியான் பழக்கூடை தொங்க, பாதையில் இறங்கினார். குணவதி நேராகப் பார்த்தாள். கூடை அவள் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது. “என்னங்க!” என்று அலறினாள். என்ஜின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? அண்ணாந்து புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிம்மதியாக வந்துகொண்டிருந்தான்.

பின்னாலிருந்து யூசுப்பின் ஹாரன் வீறிட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே அலறலாக. அந்த ஹாரன் கேட்டால் ஒதுங்கியே பழகிப்போன சுப்பையா அந்த நொடியே வண்டியை வலப்பக்கம் ஒடித்தான். மலாய்க்காரர் கூடையை வீசிவிட்டுப் பள்ளத்தில் குதித்தார். கூடை சைட்காரின் விளிம்பில் உரசி உருண்டது. வண்டி நின்றதும் சுப்பையா, “என்னடா யூசுப், என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

என்ன ஆச்சு என்று கேட்டான்! கைநீட்டினால் எட்டும் தூரத்தில் எமன் வந்துபோயிருக்கிறான், அவன் என்ன ஆச்சு என்று கேட்கிறான். குணவதி திரும்பி யூசுப்பைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது அவளுக்குப் புரிந்தது. தண்ணீர்க் குவளை, கதவு, பஸ்ஸில் வாங்கக்கா என்றது, கோழிக்கெல்லாம் அடிக்கிற ஹாரன், எல்லாமே புரிந்தது. முந்தானையை ஆட்டியபோது அவன் ஏன் திரும்பவில்லை என்பதும் புரிந்தது. வாசுவும் ஹபீப் முகம்மதுவும் மலாய்க்காரரைத் தூக்கிவிட்டு, சிதறிய பழங்களைப் பொறுக்கிக் கொடுத்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டார்கள்.

அருவிக்கரைக் காப்பிக்கடை வரைக்கும் யூசுப் இரண்டு முழம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டே வந்தான். குணவதி கண்ணை எடுக்காமல் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காப்பி வந்தது. வாசுதான் முதலில் ஆரம்பித்தான். “என் மாமியாரு போன வாரம் கப்பலேறி நாகப்பட்டணம் போயிட்டாங்க. அந்தக் கப்பலுக்கு என் நன்றி.” எல்லாரும் சிரித்தார்கள். ஹபீப் முகம்மது, இந்த எடையோடு தம்மை இவ்வளவு தூரம் சுமந்து வந்த வாசுவின் டயருக்கு நன்றி சொன்னார். யூசுப் காப்பியைத் தொடவில்லை. “பள்ளத்துல குதிச்சாரே அந்த மனுஷருக்கு” என்று மட்டும் சொன்னான். குரல் உடைந்திருந்தது.

“தங்கச்சி விருந்தாளி, சொல்லுமா” என்றார் ஹபீப் முகம்மது.

வலது கண்ணைப் பொத்திவிட்டு, விரலை நீட்டி ‘இது எத்தனை’ என்று புருஷனைக் கேட்டிருந்தால் ஒரே நொடியில் வேலை முடிந்திருக்கும். நாலு பேர் முன்னால் அதைச் செய்யக் குணவதிக்கு மனசு வரவில்லை. “யூசுப் தம்பியோட ஹாரனுக்கு” என்றாள்.

வாசு சிரிக்க வாயெடுத்தான், சிரிப்பு வரவில்லை. ஹபீப் முகம்மது காப்பிக் கிண்ணத்தையே உற்றுப் பார்த்தார். அவர்களைப் பார்த்தபோதுதான், இது மூன்று பேருக்குமே தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. கோபம் பொங்கியது.

“தெரிஞ்சும் ஏன் பாய் சைட்காரைக் குடுத்தீங்க?”

“கேட்ட வாய்க்கு இல்லைன்னு சொல்ல முடியலம்மா” என்றார் அவர். அந்தப் பெரிய உடம்பு கூனிக்குறுகிப் போயிருந்தது. “ஒனக்கு எடது கண்ணு இல்லைன்னு அவன்கிட்ட யாரு சொல்றது? நாங்க பாத்துக்கலாம்னு நெனச்சோம். யூசுப்ப எப்பவும் எடப்பக்கம் விடுவோம். இன்னைக்கு அந்த எடத்துல ஒன்னையே ஒக்கார வெச்சுட்டோம்.”

சுப்பையா எழுந்துவிட்டான். “எனக்கென்ன கொறச்சல்? கண்ணு நல்லாத்தான் இருக்கு. எல்லாருமாச் சேந்து என்னைக் குருடனாக்கப் பாக்குறீங்களா?” காப்பிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“தஞ்சோங் பூங்காவிலேருந்து நான் ஒங்களப் பாத்துக் கையாட்டிக்கிட்டே வந்தேங்க” என்றாள் குணவதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “சேலையப் பிடிச்சு ஆட்டினேன். நீங்க திரும்பவே இல்ல. என்னைக் கூட்டிட்டு வந்தது ஒங்களுக்குக் கேவலமாப் போச்சுன்னு நெனச்சுட்டேன்.”

அவன் அப்படியே நின்றான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் ஊர் சிரிக்கும். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சுப்பையா மெதுவாகப் பேசினான். “பட்டறையில நுணுக்க வேலையெல்லாம் எடுத்துட்டாங்க. பெருக்குற வேலை குடுத்திருக்காங்க. ஒங்கிட்ட சொல்லலை. இந்த வண்டியில ஏறினாத்தான் நான் பழைய சுப்பையா. இதுவும் போச்சுன்னா நான் யாருடி?”

சக்களத்தி என்று தான் கரித்துக்கொட்டிய வண்டியைக் குணவதி பார்த்தாள். முதல் தடவையாக அதன்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனாலும் திரும்பிப் போகும்போது அவன் அதை ஓட்டக்கூடாது. கைப்பிடியைத் தொட்டால் குறுக்கே படுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். போகவேண்டிய மலைப்பாதை இன்னும் பாக்கி இருந்தது.

வாசு எழுந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், “அண்ணே, நீங்க இன்னும் சொல்லலையே” என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுப்பையா அவனை நிமிர்ந்து பார்த்தான். வண்டியைப் பார்த்தான். பிறகு, “நன்றி சொல்லாதவன் வண்டியைத் தொடக்கூடாது, அதுதானே சட்டம்?” என்று கேட்டான்.

“ஆமாண்ணே.”

“எனக்கு ஒண்ணும் தோணலை. எவ்வளவு யோசிச்சாலும் தோணாது போலிருக்கு.” வண்டி துடைக்கிற துணியை எடுத்து டாங்கை ஒரு தடவை துடைத்தான். துணியை மடித்து ஹபீப் முகம்மதுவின் கையில் கொடுத்தான். “பாய், நீங்க சொல்லிட்டீங்க. நீங்களே ஓட்டிட்டு வாங்க. மேடு ஏறும்போது கொஞ்சம் இழுக்கும், அதட்டாதீங்க.”

யாரும் ‘சொல்லிடுண்ணே, ஏதாவது சொல்லு’ என்று வற்புறுத்தவில்லை. யூசுப் அருவிப் பக்கமாகத் திரும்பி நின்று சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டம் போட்ட வாசு குழந்தை மாதிரி தேம்பினான்.

பாலிக் பூலாவ் போகிற சின்ன பஸ் மலையேறி வந்து, சூடேறிய என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற அருவியருகே நின்றது. கொசு பஸ் என்பார்கள் அதை. கோழிக் கூடையும் கிராம்பு மூட்டையுமாக அடைத்துக் கிடந்தது. பின்னால் ஒரு பெஞ்சு மட்டும் காலி. குணவதி முதலில் ஏறி, வெளியே பார்க்கலாமென்று இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுப்பையா பின்னால் ஏறி அவள் பக்கத்தில் நின்றான், உட்காரவில்லை.

“கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து ஒக்காரு” என்றான்.

அவள் நகர்ந்து கொடுத்தாள். அவன் ஜன்னலோரம் போனான். அவள் இப்போது அவனுக்கு வலப்பக்கம் இருந்தாள். பஸ் குலுங்கிக் கிளம்பியது. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, அருவியைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே உறுமிக்கொண்டு போன தன் வண்டியைக்கூடப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோழிக்கூடைக்காரி இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். குணவதிக்கு வெட்கமாகிவிட்டது.

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க?”

“காலையிலேருந்து ஒன்னப் பாக்கவே இல்லையே” என்றான் சுப்பையா.