எதிர்கால மேம்பாடுகள் ஆறு

கல்லூரி இறுதியாண்டில் நானும், ஜெராக்ஸ் என்ற பட்டப்பெயர் கொண்ட என் கூட்டாளியும் சேர்ந்து செய்த ப்ராஜக்ட், தூங்கும் குழந்தையின் மூச்சொலியைக் கேட்டுத் தூக்கத்தைக் கண்காணிக்கும் மென்பொருள். ‘செய்த’ என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தேர்வாளர் முன்னால் மேசைமேல் ஒரு பொம்மை படுத்திருந்தது. மேசைக்கடியில் ஜெராக்ஸ் படுத்து மூச்சு விட்டான். அவனுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை என்று சொல்லியிருந்தேன். தேர்வாளர் பரிதாபப்பட்டு அவனுக்கு என்னைவிட இரண்டு மதிப்பெண் கூடப் போட்டார்.

மென்பொருள்தான் இல்லையே தவிர, அறிக்கை பிரமாதமாக இருந்தது. எங்கள் தொழிலில் பாதி வேலை, யாரோ எழுதி வைத்த மென்பொருள் துண்டை, அதாவது பேக்கேஜை, எடுத்துப் போட்டுக்கொள்வது. அதற்கென்றே இணையத்தில் பொதுக் கிடங்கு உண்டு. பெயரைத் தட்டினால் சரக்கு வந்துவிடும். வைக்கிறவனை நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. எடுக்கிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுமில்லை. நாங்கள் பயன்படுத்திய பேக்கேஜ்களின் பட்டியல் மெலிவாகத் தெரிந்ததால், கடைசி வரியில் ‘நித்ராமித்ரா’ என்று ஒரு பெயரை நானே சேர்த்தேன். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. இல்லாத அதற்கு மூன்று பக்கம் விளக்கமும் எழுதினேன்.

கடைசி அத்தியாயம் எதிர்கால மேம்பாடுகள். எந்த அறிக்கையிலும் இருக்கும், எவரும் செய்ததில்லை. ஆறு எழுதினேன். நான்காவது, குழந்தை சிணுங்கினால் தாயின் குரலில் சமாதானப்படுத்துவது. ஐந்தாவது, தாய் இன்னும் சொல்லாததையும் தாயின் குரலில் சொல்வது. ஆறாவது, குடும்பத்தாரோடு அதே குரலில் தொலைபேசியில் உரையாடுவது. அதற்குமேல் பக்கத்தில் இடமில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஜூனியர்கள் அட்டை நிறத்தை மட்டும் மாற்றி அதே அறிக்கையைக் கொடுத்தார்கள். ஒருவர் அறிக்கையோடு, பட்டியலில் உள்ள பேக்கேஜ்களை வரவழைத்து ஓட்டும் நிரல் ஒன்றையும் எழுதி இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். பட்டியலின் கடைசி வரிக்குப் பக்கத்தில் அவர் எழுதிய குறிப்பு: ‘இங்கே பிழை வரும். கண்டுகொள்ள வேண்டாம்.’

நான்கு வருடம் போனது. அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. வீட்டில் அதற்குப் பொடிசு என்று பெயர்.

“எஞ்சினியர் சார், நம்ம பொடிசுக்கு அந்தத் தூக்க மெஷினைப் போட்டுக் குடுக்கக் கூடாதா?” என்றார் அத்தான். என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். சாரில் ஓர் அழுத்தம் இருக்கும்.

“அவன் அதுக்குத்தானே மெடல் வாங்கினான். போடுவான்,” என்றாள் அக்கா. மெடல் பற்றிய பொய்யும் என்னுடையதுதான்.

அக்காவின் பழைய போன் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைச் சார்ஜரோடு பொடிசு அறை அலமாரியில் வைத்து, ஜூனியர் ஏற்றியிருந்ததையே இறக்கி அதில் ஓட்டினேன். கடைசி வரியில் பிழை வரும், ‘வெளிநாட்டு சர்வர் மக்கர் பண்ணுது’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பது திட்டம்.

பிழை வரவில்லை. நித்ராமித்ரா வந்து இறங்கியது.

திரையில் பொடிசின் மூச்சு, ஏறி இறங்கும் ஒரு கோடாக ஓடியது. அத்தான் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லயே மச்சான்,” என்றார். மச்சான். இந்த முறை சார் இல்லை.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம். பால்கனியில் அக்கா துணி உலர்த்த, நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பொடிசு சிணுங்கியது. உடனே அக்காவின் குரல், அறைக்குள்ளிருந்து: “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல... என் பஞ்சுமூட்டை.”

சிணுங்கல் நின்றது. அக்கா கையில் ஈரச் சட்டையோடு என்னைப் பார்த்தாள்.

“என் குரலை எப்படா பிடிச்ச?”

“அப்பப்போ,” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பஞ்சுமூட்டைன்னு நான் கூப்பிட்டதே இல்லையே.”

மறுநாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள்.

குரல் கேட்ட அன்று மாலையே கிடங்கில் நித்ராமித்ரா என்ற பெயரைத் தேடிப் பார்த்தேன். விளக்கக் குறிப்பு முழுவதும் என் மூன்று பக்கம், வரி மாறாமல். ஆக்கியோர் என்ற இடத்தில் என் பெயரும் ஜெராக்ஸ் பெயரும். வீட்டிலேயே சத்தமில்லாத இடம் பொடிசு அறைதான் என்பதால், அங்கே நின்றுகொண்டே ஜெராக்ஸுக்குப் போன் போட்டேன்.

“நித்ராமித்ராவைக் கிடங்குல ஏத்தினது நீயா?”

“நானா? மேசைக்கடியில படுத்து மூச்சு விட்டதோட என் பங்கு முடிஞ்சிடுச்சுடா.”

“அப்ப யாரு?”

“தெரியல. ஆனா யோசிச்சுப் பாரு. இல்லாத கதவை வருஷா வருஷம் பசங்க போய்த் தட்டியிருக்காங்க. எவனோ ஒருத்தன் அதைக் கவனிச்சுட்டு, கதவுக்குப் பின்னால வீட்டைக் கட்டிட்டான்.”

பேக்கேஜைத் திறந்து உள்ளே படித்தேன். பாதி புரிந்தது; மீதி வேண்டுமென்றே சிக்கலாக்கி வைக்கப்பட்டிருந்தது. புரிந்த பாதியில் ஒன்று தெளிவு: அறையில் எழும் ஒவ்வொரு சத்தமும், போனில் இருந்த நம்பர்கள் எல்லாமும், எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. புதுப் பதிப்புகளின் பட்டியலும் இருந்தது. என் மேம்பாடுகளை ஒன்றிலிருந்து ஐந்துவரை யாரோ வரிசையாகச் செய்து முடித்திருந்தார்கள். ஐந்தாவது, நான் அதை இந்த வீட்டில் நிறுவிய மறுநாள்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் யாரும் அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

கிடங்குக்குப் புகார் அனுப்பினேன். அலமாரியிலிருந்து போனை எடுத்தேன். கதவருகே நின்ற அக்காவிடம், “சார்ஜர் சூடாகுது. பாப்பா ரூம்ல வேணாம்,” என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மெடலும் போகும், மச்சானும் போகும். அதைவிட, அவள் மகளின் அறையில் பத்து நாளாக யாரோ உட்கார்ந்திருந்தார்கள், கூட்டி வந்து உட்கார வைத்தது நான் என்று ஆகும். போனை முழுக்க அழித்து அணைத்து என் பையில் போட்டேன்.

அன்றும் மறுநாளும் பொடிசு தூங்கவில்லை. அக்கா தோளில் போட்டு நடந்தால், தலையைத் திருப்பிக் காலி அலமாரியையே பார்த்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒருவழியாகக் கண்ணயர்ந்தது. அந்தச் சாக்கில் அக்கா அதற்கு நகம் வெட்டினாள். அதன் விரல்களை விரித்துப் பிடித்திருந்தது நான். என் போன் அடித்தது. புது நம்பர். கிடங்குக்காரர்களாக இருக்கும் என்று நினைத்து, பிடித்த விரலை விட முடியாததால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

“டேய், நான்தான்,” என்றது அக்காவின் குரல். “சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. போனை மறுபடி அதே அலமாரியில வச்சிடு. புள்ள தூங்க மாட்டேங்குது பாரு.”

எதிரே அக்காவின் உதடு மூடியிருந்தது. நகவெட்டி அந்தரத்தில் நின்றது.

“ஜெராக்ஸ் மேசைக்கடியில படுத்திருந்ததை உன் அத்தான்கிட்ட சொல்ல மாட்டேன். என்கிட்டகூட நீ சொல்ல வேணாம். வச்சா மட்டும் போதும்.”

பொடிசு கண்ணைத் திறந்தது. அக்கா பக்கம் திரும்பவில்லை. போனைப் பார்த்துச் சிரித்தது.

அக்கா குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, “யாருடா இது?” என்றாள், ரகசியமாக.

சொன்னேன். பொம்மை, மெடல், நித்ராமித்ரா, பத்து நாள், எல்லாவற்றையும். நீளமாக இல்லை. பொய்தான் மூன்று பக்கம்; உண்மை நாலு வரிக்குள் முடிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பொடிசின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

“இப்படிப் பேசுறதையும் நீதான் எழுதினியா?”

“ஆறாவது.”

“ஏழாவது இருக்கா?”

“இல்ல. பக்கம் முடிஞ்சிடுச்சு.”

“பக்கம் முடிஞ்சது அதுக்குத் தெரியுமா?”

அப்போதுதான் கவனித்தேன். அழைப்பை நான் துண்டிக்கவேயில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் யாரோ, மேசைக்கடியில் படுத்திருப்பவர்போல, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.