வலது குதிகால்

விடிவதற்கு முன்பே ஐஸ் உடைக்கும் சத்தம் தொடங்கிவிடும். மீமிசல் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த இறால் கம்பெனியின் கொட்டகைக்குள் வேனில் வந்திறங்கும் பெண்கள், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, குளோரின் தண்ணீரில் கால் நனைத்து, எஃகு மேசைகளின் இருபுறமும் நின்றுகொள்வார்கள். நின்றால் நின்றதுதான். தலையைத் திருக வேண்டும், ஓட்டை உரிக்க வேண்டும், முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவ வேண்டும், ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். அது ஒருவகையில் நல்லதுதான். குதிகால் மட்டும் மரத்துப்போவதே இல்லை.

இறாலின் கொம்பு ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டதுபோல அடைக்கலமேரிக்கு வலது குதிகாலில் ஒரு குத்தல். காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். கொட்டகையில் இடுப்பை மேசையில் சாய்த்து, உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலுக்குத் தள்ளி ஒப்பேற்றிவந்தாள். கேரளத்துக்கு விசைப்படகு வேலைக்குப் போன கணவன் ஜெபமாலை மாசிக்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. மகள் ஜாஸ்பின் நர்சிங் படிக்கிறாள். இந்த மேசை ஓரத்து இடம் போய்விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

இடம் எப்படிப் போகும் என்பதையும் அவள் பார்த்திருந்தாள்.

போன மாதம் முதலாளி நிலவழகன் கொட்டகையை ஒட்டிய சாமான் அறையில் இலவச மருத்துவ முகாம் வைத்தார். வெளிநாட்டில் சரக்கு எடுப்பவர்கள் தொழிலாளர் நலன் பற்றி ஏதோ கேட்டிருந்தார்களாம். புதுக்கோட்டையிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஷர்லி ஒரு பெட்டியளவு இயந்திரத்தோடு வந்தாள். தசைநாரில் நாள்பட்டுத் தங்கிய வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை. "ஷாக்கு குடுக்கப் போறாகளாம்டி" என்று பெண்கள் பயந்தார்கள். கண்ணாத்தாள்தான் முதலில் படுத்தாள். குதிகாலில் வலியின் மையம் தட்டுப்பட்டதும் ஆத்தாடி என்று அலறிவிட்டாள். மறுநாள் அவளை கேட்டிலேயே நிறுத்தினார்கள். "ஒனக்கு ரெஸ்ட் வேணும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. கூப்பிடும்போது வா" என்றார் நிலவழகன். இன்றுவரை கூப்பிடவில்லை.

இன்று மறுபடியும் முகாம். நொண்டி நடப்பவர்களை முதலாளியே பொறுக்கி அனுப்பினார். அடைக்கலமேரியையும் கைகாட்டினார்.

கட்டிலில் படுத்தவள் இடது பூட்ஸை மட்டும் கழற்றிக் காலை நீட்டினாள்.

ஷர்லி குளிர்ந்த பசையைத் தடவி, கைப்பிடியைக் குதிகாலில் வைத்து அழுத்தினாள். தையல் மெஷின் வேகமெடுத்தாற்போல டக்டக்கென்று அதிர்ந்தது.

"இங்கயா?"

"இல்லம்மா."

"கொஞ்சம் உள்ள?"

"இல்ல. சும்மா லேசாத்தான்."

ஷர்லி இயந்திரத்தை நிறுத்தினாள். "அக்கா, வர்றப்ப நீங்க வலது காலத்தான தாங்கித் தாங்கி வந்தீங்க?"

அடைக்கலமேரி வலது காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள்.

"இது எக்ஸ்ரே இல்லக்கா. எங்க வலிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் அந்த எடத்துல அடிக்க முடியும். நல்ல கால்ல அடிச்சு என்ன பிரயோசனம்?"

"சொன்னா வேல போயிருமே."

"யாரு சொன்னா?"

"போன தடவ கத்துனாளே, கண்ணாத்தா. அவ எங்க இப்ப? நீங்கதானம்மா ரெஸ்ட் குடுக்கச் சொன்னீங்க?"

ஷர்லி கைப்பிடியைக் கீழே வைத்தாள். "நான் அப்படிச் சொல்லவே இல்ல. வாரம் ஒருதடவ மெஷின் வைக்கணும், நிக்கிற நேரத்தக் கொறைக்கணும், ஸ்டூல் போட்டு உக்கார வச்சு வேல குடுங்கன்னுதான் சார்ட்ட சொன்னேன். நாள் பூராவும் நிக்க விட்டுட்டு இத மட்டும் வச்சா வலி திரும்பி வந்துரும்."

நடுவில் தொங்கியது வெறும் போர்வைத் திரை. அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்கள் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு செவந்தி தலை நீட்டினாள்.

"ஸ்டூலா? ஸ்டூலுன்னா சொன்னீங்க?"

சேதி திரையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து மேசைகளுக்கும் போனது. திருகிய இறால் தலைகளைக் கையில் பிடித்தபடியே பெண்கள் மேசைகளை விட்டு வந்தார்கள். பின்னாலேயே நிலவழகனும் வந்தார்.

"என்ன கூட்டம் இங்க? லோடு வந்து நிக்குது. யாருக்கு வலியோ அவங்க மட்டும் இருங்க. மத்தவங்க மேசைக்குப் போங்க."

யாரும் நகரவில்லை. அடைக்கலமேரியின் மனதில் ஜாஸ்பினின் முகம் வந்து போனது. எழுந்து உட்கார்ந்தாள். மற்ற பூட்ஸையும் கழற்றி, வீங்கியிருந்த வலது காலைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்தாள்.

"எனக்கு சார். ஒரு வருசமா."

"எனக்கும்தான்" என்றாள் செவந்தி. "ரெண்டு காலும்."

"எனக்குத் தோள்பட்டை."

"எனக்கு மணிக்கட்டு."

கடைசியில், வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருந்த பிளெஸ்ஸியும் கையைத் தூக்கினாள். நிலவழகனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"நேத்து வந்தவ. ஒனக்கென்ன வலி?"

"இனிமே வரப்போற வலிதான் சார்."

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது.

"சரி. அம்புட்டுப் பேருக்கும் வலியா? அம்புட்டுப் பேரும் ரெஸ்ட் எடுங்க. போங்க வீட்டுக்கு."

"வீட்டுக்குப் போக மாட்டோம் சார்" என்றாள் அடைக்கலமேரி. "கண்ணாத்தாளக் கூப்பிடுங்க. மேசைக்கு மேசை ஸ்டூல் போடுங்க. அதுவரைக்கும் இங்கிட்டுத்தான் உக்காந்து ரெஸ்ட் எடுக்கப்போறோம்."

"உக்காந்து இறால் உரிக்கிறதுக்கு இது ஒங்க வீட்டு அடுப்படியா?"

"எங்க வீட்டு அடுப்படியா இருந்தா, காலு வீங்குன பொம்பளையத் தள்ளாடித் தள்ளாடி நிக்க விட மாட்டோம் சார்."

அவர் ஷர்லியை முறைத்தார். "ஒங்கள வைத்தியத்துக்குத்தான் கூப்பிட்டேன்."

"நான் சொன்னதும் வைத்தியம்தான் சார்" என்றாள் ஷர்லி. அடுத்த மாதம் இந்த வேலை தனக்கு இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுபடி பசையை எடுத்து வலது குதிகாலில் தடவினாள். "எங்கக்கா?"

"அங்கதான். அங்கனயேதான் தாயீ." கைப்பிடி மையத்தைத் தொட்டதும் அடைக்கலமேரி வாய்விட்டு அலறினாள். ஒரு வருடமாகப் பல்லைக் கடித்து அடக்கிவைத்த சத்தம் அது.

வெளியே, சிமெண்டுத் தரையில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். வெளிறிச் சுருங்கிய பாதங்கள் வெயிலைப் பார்த்தன. லாரியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகியது. வெயில் ஏறஏற இறாலின் நாற்றமும் ஏறியது. நிலவழகன் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தபடி போனில் கத்தினார். வேலைக்கு வேறு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னபோது உட்கார்ந்திருந்த சிலர் கழற்றிப் போட்ட பூட்ஸைத் தேடி இழுத்தார்கள். "எந்திரிச்சு உள்ள போயிருவமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சாலை முனையில் வேன் திரும்பியது. உள்ளே நிற்கக்கூட இடமில்லாமல் பெண்கள். சிகிச்சை முடிந்து வெளியே வந்து உட்கார்ந்திருந்த அடைக்கலமேரி, செவந்தியின் தோளைப் பிடித்து எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். கேட்டை மறிக்கவில்லை, வேன் கதவருகே போய் நின்றார்கள்.

கதவு திறந்தது. முதலில் இறங்கிய பெண் யாரையும் பார்க்காமல், கம்பியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தை மட்டும் மெல்லத் தரையில் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடைக்கலமேரி அவள் முன்னால் கையை நீட்டினாள்.

"பாத்து எறங்குங்கக்கா. ஒங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்."