கலீனாவுக்கு ஏற்ற புத்தகம்

டான்யூப் ஆற்றில் வெள்ளம் வருவதைக் கரையோர ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்லும் இலவச மென்பொருள் ஒன்றை, ரூசே நகரில் ரலித்சாவும் லியூபெனும் பல வருடங்களாக வளர்த்து வந்தார்கள். சம்பளமில்லாத வேலை. அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதை ரஸ்ட் என்ற கணினி நிரல்மொழிக்கு மாற்றத் தொடங்கியதும், உதவ வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இந்த மொழியை எதை வைத்துக் கற்றுக்கொள்வது?

ரலித்சா எல்லோருக்கும் ஒரே தடித்த கையேட்டை அனுப்பிவிடுவாள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

“தாகம்னு வர்றவங்களுக்கு ஆத்தைக் காட்டுறியே, ஒரு டம்ளர்ல மொண்டு குடுத்தா என்னவாம்?” என்பான் லியூபென்.

“நீயே மொண்டு குடு. எனக்கு வேலை கிடக்கு.”

அவன் அப்படித்தான் செய்தான். வந்தவர் என்ன தொழில் செய்கிறார், எப்போது ஓய்வு கிடைக்கும் என்றெல்லாம் கதை கேட்டபிறகே எதை வைத்துக் கற்பதென்று சொல்வான். வர்னா நகரத்து டாக்சி ஓட்டுநருக்குக் காதால் கேட்கும் பாடங்கள். கைக்குழந்தைக்காரிக்குப் பத்து நிமிடப் பயிற்சிகள். அவர்கள் யாரும் விட்டுப் போகவில்லை.

பிப்ரவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், சிலிஸ்த்ராவிலிருந்து கலீனா என்ற வேதியியல் ஆசிரியை எழுதியிருந்தாள். ‘நானும் உதவ வேண்டும். எதில் தொடங்கட்டும்? லியூபெனைக் கேட்கச் சொன்னார்கள்.’

ரலித்சா மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டு, வழியில் சூடாகப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சாவும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவன் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

“ஒரு டீச்சரம்மா வந்திருக்காங்க. இதுல எது சரிப்படும்? பேச வேணாம், விரலைக் காட்டு போதும்.”

அவன் ஆசையோடு ஒன்றை இடது கையால் வாங்கி மடியில் விரித்தான். விரல் முதல் வரியில் ஊர்ந்தது. கடைசி வரை போய், திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தது. மறுபடியும் அதே வரி. நெற்றி சுருங்கியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

அவன் மனைவி நெவேனா அவளை அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

“கோவிச்சுக்காத ரலி. இனிமே புத்தகம் கொண்டு வராத. அந்த வாதத்துல அவருக்கு வாசிக்கவே வராம போயிடுச்சு. டாக்டர் சொன்னார், நான் அவர்கிட்ட சொல்லல. இப்பதான் அவருக்கே தெரிஞ்சிருக்கும்.”

புத்தகங்களைத் திரும்ப எடுக்கப் போனபோது, மடியில் இருந்ததை அவன் விடவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அதை விட்டுவிட்டு வந்தாள். காரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வழக்கமான கையேட்டைக் கலீனாவுக்கு அனுப்பக் கை வரவில்லை. தொலைபேசியில் அழைத்தாள்.

“எந்தப் புத்தகம் நல்லதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க. அவனுக்குத்தான் தெரியும். உங்க பிள்ளைங்களுக்கு நீங்க எப்படி ஆரம்பிப்பீங்க?”

“முதல்ல எதையாவது கொளுத்திக் காட்டுவேன். புத்தகம் அப்புறம்தான்.”

ரலித்சாவுக்குச் சிரிப்பு வந்தது. “சரி, அப்ப நம்ம நிரல்ல திருத்த வேண்டிய ஒரு சின்னப் பிழையை அனுப்புறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்.”

கோடையில் கலீனாவின் முதல் திருத்தம் மென்பொருளில் சேர்ந்தது. அதைச் சொல்ல ரலித்சா போனபோது லியூபென் பால்கனி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“எழுப்பட்டுமா?” என்றாள் நெவேனா.

“வேணாம். தூங்கட்டும்.”

சற்று நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.